இரண்டு வாட் குரல்

மூன்று கம்ப்யூட்டர் டிஸ்க்குகளையும் மேசைக் கண்ணாடியின் மேல் வரிசையாக வைத்துவிட்டு, "பாத்துக்குங்க மேடம், மூணும் மூணு குணம்," என்றார் இத்ரீஸ். எது கம்மியாகச் சாப்பிடும் என்றுதான் வசுமதிக்கு உடனே கேட்கத் தோன்றியது, மாடு வாங்க வந்தவள் மாதிரி. தோன்றியதோடு சரி, வாயைத் திறக்கவில்லை. திறந்தாலும் இந்த ரிச்சி தெரு மாடியில், கீழே ஹாரன், மேலே மின்விசிறி, பக்கத்துக் கடையில் யாரோ ஸ்பீக்கர் சோதிக்கிற டொம் டொம், இதற்கு நடுவே அவளிடமிருந்து வருகிற காற்றை யார் பிடிப்பார்கள். பதினான்கு மாதமாகக் காற்றுதான். தைராய்டில் கட்டி, எடுத்தார்கள், கெட்ட கட்டி இல்லை என்றார்கள், வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது, அவளும் விட்டாள், அப்புறம்தான் தெரிந்தது பெருமூச்சு மட்டும்தான் வருகிறது என்று. குரல்நாண் இரண்டில் ஒன்று அசையவில்லையாம். சிலருக்கு நடக்குமாம். ஆறு மாதத்தில் திரும்பலாம், ஒரு வருடத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது அவர் குரல் எவ்வளவு கனமாக, எண்ணெய் போட்ட கதவு மாதிரித் திறந்து மூடியது என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். போகட்டும். ஒன்று சொல்ல வேண்டும், உள்ளே மட்டும் பேச்சு நிற்பதே இல்லை. குரல் இருந்த காலத்தில் இவ்வளவு பேசினாளா என்ன? இப்போது குளிக்கும்போது பேச்சு, கறிகாய் நறுக்கும்போது பேச்சு, இதோ இத்ரீஸின் சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கிறதே, மூன்றும் நீலமா என்று அதற்கொரு பேச்சு. போனை எடுத்துத் தட்டினாள்: 'எது கரண்ட் குறைவாக எடுக்கும்?' இத்ரீஸ் குனிந்து படித்தார், சிரித்தார். "வாட் பாத்து டிஸ்க் வாங்க வர்றவங்கள இன்னிக்குதான் மேடம் பாக்குறேன். எல்லாரும் எத்தன டெரான்னுதான் கேப்பாங்க."

அது அவள் கேள்வி இல்லை, கணவர் குலசேகரன் கேட்கச் சொன்னது. பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் மின்னியல் சொல்லிக்கொடுக்கிற மனுஷன், வீட்டில் ஒரு சிவப்புப் புள்ளி விளக்கு எரிந்தாலும் இருபத்துநாலால் பெருக்கி, முன்னூற்று அறுபத்தைந்தால் பெருக்கி, அந்தத் தொகையை அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். காலையில் கிளம்பும்போதும் அதுதான். "வசு, வாட்டப் பாரு. அந்தப் பெட்டி ராப்பகலா ஓடுது, அத மறந்துடாத. கரண்டு போனா இன்வர்ட்டர்லதான ஓடணும்." சரிங்க என்று தலையாட்டினாள். தலையாட்டல் பெரிய சௌகரியம், எதிராளி தனக்கு வேண்டிய தொனியை அதில் போட்டுக்கொள்ளலாம். அதற்குள் இத்ரீஸ் அவள் கொண்டுவந்த பழைய டிஸ்க்கைத் துணிப்பையிலிருந்து எடுத்து, வயரில் மாட்டி, அதன் மேல் காதை வைத்தார். காதை வைத்ததும் அவர் முகம் மாறியது. அவளுக்குத் தெரியும் அந்தச் சத்தம். செவ்வாய்க்கிழமையிலிருந்து தெரியும். டிக், டிக், கொஞ்சம் இடைவெளி, டிக். ஆரணியிலிருந்து தேன்மொழி என்ற கண் தெரியாத பெண், ஆபரேஷனுக்குப் பிறகு வந்து சேர்ந்தவள், போன் வாசித்துக் காட்டும் எழுத்தாக மட்டுமே வசுமதியை அறிந்தவள், அன்று காலை போனில் குரல் அனுப்பியிருந்தாள், மேடம், உள்ளாட்சிப் பாடம் ஏழாவது நிமிஷத்துல நின்னுடுது, மறுபடி மொதல்லேருந்து போட்டாலும் அங்கயே நிக்குது. போய்ப் பார்த்தால் புத்தக அலமாரிக்கு மேலே, பிள்ளைகள் இணையம் வழியாகப் பாடம் கேட்கிற அந்தப் பெட்டி டிக் டிக் என்கிறது. உடனே நிறுத்திவிட்டார்கள். "இதுக்கு உசுரு இருக்கு மேடம், ஆனா இழுத்துக்கிட்டு இருக்கு," என்றார் இத்ரீஸ். "உள்ள இருக்கிறது வேற எங்கயாவது காப்பி வெச்சிருக்கீங்களா?" அவள் இல்லை என்று தலையசைத்தாள். இந்தத் தலையசைப்பில் மட்டும் தொனி போட இடமில்லை. நல்ல மனிதர், திட்டவில்லை. "அப்ப டிஸ்க் எதுங்கிறத அப்புறம் பேசுவோம். மொதல்ல என்னோட டிஸ்க் ஒண்ணுல எல்லாத்தையும் இறக்கிடுறேன். ஒன்றரை மணி நேரம் ஆகும். உக்காருங்க."

பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு பச்சைக் கோடு இடது ஓரத்திலிருந்து புறப்பட்டது, எறும்பை விட மெதுவாக. அறுநூற்று நாற்பது மணி நேரம், அவ்வளவும் அவள் குரல். வேறொருவர் குரலாக இருந்திருந்தால் இப்படிக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாளா, மாட்டாள், சும்மா பொய் சொல்லக்கூடாது, பார்ப்பாள் ஆனால் இப்படி இல்லை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் கண் தெரியாத பிள்ளைகள் மத்தியானம் படிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், யாராவது வந்து வாசித்துக் காட்டுவார்களா என்று. வருகிறவன் வருவான், காதலிக்குப் பரீட்சை என்றால் வரமாட்டான். ஒருநாள் அவளே ஒரு டேப்பில் ஒரு பாடத்தைப் படித்துக் கொடுத்தாள். அதுதான் ஆரம்பம். பிறகு பதினெட்டு வருடம், சமையலறைக்கு அடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, வரலாறு, பொருளியல், புவியியல், போட்டித் தேர்வுக் கையேடுகள். கதவைச் சாத்தினாலும் குக்கர் விசில் உள்ளே வந்துவிடும். முதலில் அழித்து அழித்துப் படித்தாள். பிறகு ஒரு பையன் சொன்னான், மேடம், பருவக்காற்றுப் பாடத்துல விசில் ரெண்டு வரும், ரெண்டாவது விசில் வந்தா பாதிப் பாடம் முடிஞ்சதுன்னு எனக்குக் கணக்கு, அத எடுத்துடாதீங்க. அன்றிலிருந்து எடுப்பதில்லை. அவன் இப்போது வங்கியில் இருக்கிறான், சேலத்தில், கல்யாணம்கூட ஆகிவிட்டது, பத்திரிகையில் அவள் பெயருக்கு முன்னால் 'குரல்' என்று போட்டு அனுப்பியிருந்தான், குரல் வசுமதி அம்மா அவர்களுக்கு. அது வந்தது ஆபரேஷன் முடிந்து நான்காவது மாதம். போய்வரவில்லை. பணம் மட்டும் அனுப்பினாள். போயிருக்கலாம். போயிருந்தால் எதை வைத்து வாழ்த்துவது. ஏன், தலையில் கை வைத்தால் போதாதா. போதும்தான். இப்போது தோன்றுகிறது போதும் என்று. கோடு கால்வாசி வந்திருந்தது. டிக் சத்தம் இல்லை. இத்ரீஸ் டீ சொல்லியிருந்தார், டீ வந்தது, இஞ்சி போட்ட டீ, தொண்டைக்கு இதம், இந்தத் தெருவில் இவ்வளவு நல்ல டீயா என்று ஆச்சரியமாக இருந்தது.

மேசையில் மூன்றும் இன்னும் வரிசையாகத்தான் இருந்தன. முதலாவது செங்கல் மாதிரிக் கனமானது, தனியாக ஒரு அடாப்டர் கேட்பது, எட்டு டெரா, எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், விடாமல் சுற்றும், எட்டு வாட் வாங்கும். குலசேகரன் பார்த்தால் பெருக்க ஆரம்பித்துவிடுவார். அது வேண்டாம். இரண்டாவது உள்ளங்கை அகலம், பழையதைப் போலவேதான், சற்று மெலிந்தது, மெதுவாகச் சுற்றுவது, இரண்டு வாட் போதும், பத்து நிமிஷம் யாரும் எதுவும் கேட்காவிட்டால் தானே தூங்கிப்போகும். மூன்றாவது எஸ்.எஸ்.டி., தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, உள்ளே சுற்றுகிற பாகமே கிடையாது, கீழே போட்டாலும் உடையாது, தூங்கும்போது கரண்ட் எடுப்பதே தெரியாது, விலைதான் இரண்டாவதைப் போல இரண்டு பங்குக்கு மேல். "சத்தமே வராது மேடம். ஓடுதா இல்லையான்னு லைட்டப் பாத்துதான் தெரிஞ்சிக்கணும்," என்று இத்ரீஸ் பெருமையாகச் சொன்னார், அங்கேதான் அவளுக்கு முள் மாதிரி ஒன்று மாட்டிக்கொண்டது. சத்தமே வராது. விடியற்காலை ஐந்தரைக்கு அவள் பாலைக் காய்ச்சிக்கொண்டிருப்பாள், அடுத்த அறையில் அலமாரிக்கு மேலே அந்தப் பெட்டி தூக்கம் கலைந்து 'ம்ம்ம்' என்று எழும், யாரோ சோம்பல் முறிக்கிற மாதிரி, பிறகு ஒரு சீரான முனகல். அப்படியென்றால் எங்கோ ஒரு பிள்ளை எழுந்து உட்கார்ந்து பாடத்தைத் திறந்துவிட்டது என்று அர்த்தம். ஆரணியோ அரியலூரோ. எந்தப் பாடம் என்று தெரியாது. ஆனால் அவள் குரல் அங்கே போய்க்கொண்டிருக்கிறது, இங்கே அவள் வாய் மூடிப் பால் பொங்கக் காத்திருக்கிறாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த முனகல் கேட்காத காலை, காலை மாதிரியே இல்லை. பரீட்சை முடிந்த வாரங்களில் பெட்டி நாள் முழுக்கத் தூங்கும், அவளுக்கு எரிச்சலாக வரும், குலசேகரன் மட்டும் இன்வர்ட்டரைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். இதை எப்படித் தட்டுவது? எனக்குச் சத்தம் போடுகிற டிஸ்க் கொடுங்கள் என்றா? பைத்தியம் என்று நினைப்பார். நினைத்தால் நினைக்கட்டும் என்றும் இருந்தது. ஆனாலும் வெட்கமாக இருந்தது, ஐம்பத்துநாலு வயதில், முனகலுக்காக டிஸ்க் வாங்குகிறவள்.

அப்போதுதான் காரணம் ஒன்று நாகரிகமாக வந்து நின்றது. மூன்றாவதில் ஒன்று வாங்குகிற காசுக்கு இரண்டாவதில் இரண்டு வாங்கலாம். ஒன்று பெட்டியில் ஓடும். இன்னொன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்துத் தாம்பரத்தில் நாத்தனார் வீட்டுப் பீரோவில் வைத்துவிடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் புதியதைச் சேர்த்துவிட்டு, அவள் கையால் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வரலாம். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்து இந்த நான்கு நாளாகப் பட்ட பாடு போதும். இதைத் தட்டிக் காட்டினாள். இத்ரீஸ் இரண்டு முறை படித்தார். "கரெக்ட்டு மேடம். நானே அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன். விலை கூடினது ஒண்ணு இருக்கிறத விட, சாதாரணமானது ரெண்டு இருக்கணும், ரெண்டும் வேற வேற வீட்டுல இருக்கணும்." அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. முனகலும் கிடைத்தது, புத்திசாலி என்ற பெயரும் கிடைத்தது. குலசேகரனுக்குச் செய்தி அனுப்பினாள், இரண்டு வாட் டிஸ்க், இரண்டு என்று. உடனே பதில் வந்தது, 'சபாஷ்'. வகுப்பில் இருந்துகொண்டே போன் பார்க்கிறார், பிள்ளைகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

கோடு முக்கால்வாசியைத் தாண்டியிருந்தபோது நின்றது. நின்றதை முதலில் அவள்தான் பார்த்தாள். பிறகு டிக். டிக். இத்ரீஸ் பேசிக்கொண்டிருந்த போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். டிக், டிக், டிக். வசுமதியின் கை தானாகத் தொண்டைத் தழும்புக்குப் போனது, அது அவளுக்கு வழக்கமாகிவிட்டது, பஸ் சட்டென்று நின்றாலும் அங்கேதான் போகும். எல்லாம் போய்விட்டால்? போனது போகட்டும் என்று சொல்கிற மனசு இல்லை அவளுக்கு. ஆனால் இன்னொரு பக்கம் ஒரு நினைப்பு, அதை நினைத்ததற்கே தன்மேல் கோபம் வந்தது, எல்லாம் போய்விட்டால் அந்தக் குரலோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையும் போய்விடும் இல்லையா. ஒருநாள் குளியலறையில் ஷாம்பூ பாட்டிலின் மேல் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தாள். ஈரத் தலையில் நன்கு தேய்த்து. அந்த நான்கு சொல்லைப் படிக்க மூன்று மூச்சு வேண்டியிருந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு வாய்விட்டு எதையும் வாசிக்கவில்லை. பயிற்சிக்குப் போகிற இடத்தில் ஆ என்றும் ஈ என்றும் சொல்வாள், அதெல்லாம் எழுத்து, வாசிப்பு ஆகாது. கோடு நகர்ந்தது. விருட்டென்று இல்லை, ஒரு நூல். பிறகு இன்னொரு நூல். பிறகு ஓட ஆரம்பித்தது. இத்ரீஸ் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஒரே ஒரு ஃபைல் மேடம். அத மட்டும் படிக்க முடியல, விட்டுட்டு மேல போயிட்டேன். மிச்சம் எல்லாம் வந்துடும்," என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். உள்ளாட்சி அமைப்புகள். பதினான்கு நிமிடம். ஆயிரத்து இருநூறு பாடத்தில் ஒன்று. அவள் இரண்டு கையையும் கூப்பினாள். இத்ரீஸ் கூச்சத்தோடு, "அட, என்ன மேடம்," என்று பேனாக்களைச் சரிசெய்தார்.

சந்தோஷம் முழுசாக ஐந்து நிமிஷம் இருந்தது. அந்தப் பாடம் எந்தப் பிள்ளைக்கு வேண்டுமோ அந்தப் பிள்ளையின் பரீட்சை நாளை மறுநாள். போனைத் திறந்தாள். தேன்மொழி இன்று காலையில் மறுபடி அனுப்பிய குரல் அப்படியே கிடந்தது, கேட்டும் பதில் போடாமல் விட்டிருந்தாள். காதில் வைத்தாள். "மேடம், தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. எல்லாப் பாடமும் முடிச்சிட்டேன், உள்ளாட்சி மட்டும்தான் பாக்கி. வேற யாராவது படிச்சது இருந்தாக்கூட அனுப்புங்க மேடம்." வேற யாராவது. வேற யாரும் இல்லையே கண்ணு. குலசேகரன் படிப்பார், அவர் படித்தால் ஒவ்வொரு வரியும் தேற்றம் மாதிரி இருக்கும், அதுவும் அவர் வீட்டுக்கு வர ஐந்து மணி ஆகும். இத்ரீஸிடம் கேட்கலாமா, சே, வியாபார நேரம். பதினான்கு நிமிடப் பாடம். போனில் புத்தகம் இருக்கிறது. அவளிடம் இல்லாதது குரல் ஒன்றுதான். எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எதற்கு எழுந்தோம் என்று புரிந்தது. இத்ரீஸிடம் மேலே விரலைக் காட்டினாள், அவர் வேறெதையோ நினைத்து, "ரெண்டாவது மாடில லேடீஸ் இருக்கு மேடம்," என்றார்.

முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில், காலி அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன, உள்ளே தெர்மாகோல் துண்டுகளோடு. அட்டை சத்தத்தைக் குடிக்கும், பதினெட்டு வருடத்தில் அது தெரிந்திருந்தது. இரண்டு அடுக்குக்கும் நடுவில் போய் நின்றாள், ஹாரன் பாதியாகக் குறைந்தது. போனை உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் பிடித்தாள். அவ்வளவு கிட்டே பிடித்தால் காற்றுகூடக் குரல் மாதிரிப் பதியும். பதியுமா? பார்ப்போம். 'கிராம சபை' என்று ஆரம்பித்தாள், முதல் எழுத்தே உடைந்தது, நிறுத்தி அழித்தாள். மறுபடி. கிராம சபையில். மூச்சு. அந்த ஊர் வாக்காளர் பட்டியலில். மூச்சு. பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள். மூச்சு. இப்படியே போனால் பதினான்கு நிமிடப் பாடம் அரைமணி ஆகும், ஆகட்டும், யார் விரட்டுகிறார்கள். காய்ந்த ஓலையை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம், நடுவில் சில சொற்களில் மட்டும் திடீரென்று பழைய குரலின் நுனி எட்டிப் பார்த்தது, 'தலைவர்' என்ற சொல்லில் ஒருமுறை, 'ஒன்றியம்' என்பதில் இன்னொருமுறை, பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது, அவள் கூப்பிடவில்லை. ஒருவர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார், அவளைப் பார்த்து, ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருப்பார், சத்தமில்லாமல் ஒதுங்கிப் போனார். மூன்றாம் பக்கத்தில் கால் வலித்தது, ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். நான்காம் பக்கத்தில் ஒன்றைக் கவனித்தாள், பாடத்தைக் கவனிக்கிறாளே தவிர, குரலைக் கேட்கவில்லை. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கவனித்த உடனே குரல் கேட்க ஆரம்பித்தது, கரகரவென்று, ஆனால் கடைசிப் பத்தி வந்துவிட்டது. முடித்தாள். போட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அனுப்பமாட்டாள் என்று தெரியும். அனுப்பிவிட்டு, கீழே எழுத்தில், 'இதைக் கேட்டுப் பார். புரியவில்லை என்றால் சொல்' என்று போட்டாள்.

கீழே வந்தபோது கோடு வலது ஓரத்தைத் தொட்டிருந்தது. இத்ரீஸ் புது டிஸ்க் இரண்டையும் பிரித்து, ஒன்றை மாட்டி எல்லாவற்றையும் அதில் ஏற்ற ஆரம்பித்திருந்தார், இது முக்கால் மணியில் ஆகிவிடும் என்றார். ஏதாவது ஒன்றைத் திறந்து சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று அவளிடம் ஹெட்போனை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாள், புவியியல், ஆறு வருடத்துக்கு முந்தியது. அந்தப் பெண் படிக்கிறாள், வாரிக்கொண்டு போகிறாள், தெளிவாக, ஈரமாக, ஒரு வரி முடியும் முன்பே அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு. எத்தனை அவசரம் இவளுக்கு. குழம்பு வைக்கப் போக வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். நன்றாகத்தான் படிக்கிறாள். பத்திரமாக இரு என்று ஹெட்போனைக் கழற்றினாள், வலி எதிர்பார்த்த அளவு இல்லை. ஏற்றி முடிந்ததும் பில் போட்டார்கள், துணிப்பையில் புதியது இரண்டையும் வைத்துக்கொண்டாள், இரண்டும் சேர்ந்து ஒரு மாம்பழ எடைகூட இல்லை. கிளம்பும்போது போன் அதிர்ந்தது. தேன்மொழி. வாசலிலேயே நின்று காதில் வைத்தாள். அந்தப் பெண் மூச்சுவிடாமல் பேசினாள்: "மேடம், பாடம் வந்துடுச்சு, முழுசா கேட்டுட்டேன், ரொம்ப தேங்க்ஸ் மேடம். புதுசா ஒருத்தங்கள படிக்க வெச்சிருக்கீங்கல்ல? பழைய மேடம் குரல் சூப்பர் குரல்தான், ஆனா ரயிலு மாதிரி ஓடுவாங்க மேடம், நான் பிரெயில்ல குறிப்பு எடுக்கிறதுக்குள்ள அடுத்த பக்கம் போயிடுவாங்க, நிறுத்தி நிறுத்தியே கை வலிச்சிடும். இவங்க ஒவ்வொரு வரிக்கும் நிக்கிறாங்க. ஒருவாட்டி கேட்டதுலயே எல்லாம் எழுதிட்டேன். தப்பா எடுத்துக்கலன்னா, பரீட்சை முடிஞ்சப்புறம் மெயின்ஸுக்கு இருக்கிற பாடத்தெல்லாம் இவங்களையே ஒருவாட்டி படிக்கச் சொல்றீங்களா மேடம்?"

வசுமதி சிரித்தாள். வந்தது காற்றுதான், ஆனால் நிறைய வந்தது. இத்ரீஸ் நிமிர்ந்து, "என்ன மேடம், எதாச்சும் விட்டுப்போச்சா?" என்றார், இல்லை என்று கையசைத்தாள். சுவரோரம் ஒதுங்கி, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நிதானமாகத் தட்டினாள்: 'அவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்மா. ஒத்துக்குவாங்கன்னுதான் நினைக்கிறேன்.'